கிராத்தோனின் முதுகு

மரக்கம்பத்தின் உச்சியில் கட்டிய பரணிலிருந்து லாம்போன் சத்தமில்லாமல் இறங்குகிறான் என்றால் கப்பலில் பாட்டுக்காரன் வருகிறான் என்று அர்த்தம். சூரைமீன் கூட்டம் வந்தால் அவன் இறங்கமாட்டான். அங்கேயே நின்று தொண்டை கிழியக் கத்தி, படகுகளை இடப்பக்கம் வலப்பக்கம் என்று ஏவிக்கொண்டிருப்பான். அதுதான் அவன் தொழில். பாட்டுக்காரனுக்கு மட்டும்தான் இறங்குவான். படிக்கட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் காலை வைத்து, கம்பத்தடியில் எப்போதும் தயாராக இருக்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடுவான். கூடையில் ஒரு ஜாடி திராட்சை மது, வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி, உப்பில் ஊறிய சூரையின் வயிற்றுத் துண்டங்கள் நான்கு. வயிற்றுத் துண்டத்தை அவன் சொந்த மச்சானுக்குக்கூடக் கொடுத்ததில்லை.

அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டால் சொல்வான்: "வியாபாரி எறங்கினா மூட்டையப் பாப்பான். மாலுமி கயித்தப் பாப்பான். பாட்டுக்காரன் மட்டுந்தான் தடிய ஊனிக்கிட்டு, நம்மள யாரு பாக்குறாங்கன்னு பாப்பான்."

ஒரு வருஷம் இப்படி இறங்கி ஓடிய நேரத்தில் இருநூறு சூரை வளைகுடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்பிப் போய்விட்டன. படகுக்காரர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏன்யா, உன் பாட்டன் செத்து எத்தன காலம் ஆச்சு! சூரை இப்பத்தானய்யா போச்சு!" என்று ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். லாம்போன் அசரவில்லை. "சூரை அடுத்த வருஷமும் வரும். இந்தப் பாட்டுக்காரன் வருவானா?" என்றான்.

ஆள் ஒல்லி. ஐம்பது வயது. கடலையே பார்த்துப் பார்த்துக் கண்கள் இடுங்கிவிட்டன. பரணில் கத்தும் குரலை வீட்டுக்குள் நுழையும்போது இறக்கிவைக்கத் தெரியாது. சாப்பாட்டில் உப்புக் குறைகிறது என்று அவன் சொன்னால் மூன்றாம் வீட்டிலிருந்து உப்பு வரும். மற்றபடி நல்லவன்; கடன் வாங்காதவன், சண்டைக்குப் போகாதவன், கிழட்டு ஆட்டைக் குட்டி என்று சொல்லிச் சாமிக்கு விடாதவன். கிராத்தோன் விஷயத்தில் மட்டும் அவனுக்குப் பித்து.

ஆர்னாக் கோட்டை முற்றுகைப் பாட்டைக் கேட்காதவர்கள் எங்கள் கரையில் கிடையாது. பாடி முடிக்க மூன்று நாள் ஆகும். பெரிய வீரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அதில் உண்டு. ஒருவனுக்குக் கோபம் வந்தால் அரைநாள் பாட்டு, அந்தக் கோபம் தணிய இன்னொரு அரைநாள். அவர்களுடைய குதிரைகளுக்குக்கூட மூன்று தலைமுறை சொல்லுவார்கள். ஆனால் பெரிய வீரன் பெரியவன் என்று தெரியவேண்டுமானால், நடுநடுவே யாராவது செத்துக் கொடுக்கவேண்டும் இல்லையா? அதற்குத்தான் எங்கள் முன்னோர்கள் போனார்கள். ஆளுக்கு மூன்று வரி. பெயர், தகப்பன் பெயர், வீட்டில் எதை விட்டுவந்தான், ஈட்டி எங்கே பாய்ந்தது. முடிந்தது கதை, அடுத்த ஆள்.

கியோஸ் தீவுக்காரர்களுக்குப் பாட்டில் ஒன்பது சாவு இருக்கிறது. எரித்ரைக்காரர்களுக்கு நான்கு. எங்கள் பெலேயாவுக்கு ஒன்றே ஒன்று. இரண்டாம் நாள் பாட்டில் எதிரிப்படையின் ஈட்டிவீரன் பொலிமாகோஸ் ஒரே மூச்சில் பன்னிரண்டு பேரைச் சாய்ப்பான். அதில் ஏழாவது ஆள், திமேயாஸின் மகன் கிராத்தோன். சூரை துள்ளும் பெலேயாவிலிருந்து வந்தவன். பாதி பின்னிய வலையை வீட்டில் விட்டுவந்தவன். கப்பல்கள் நின்ற பக்கம் திரும்பியபோது, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, முதுகில், ஈட்டியை வாங்கியவன். லாம்போன் அவனுடைய நேர் வாரிசு.

மார்பில் வாங்கியவன் நின்றவன், முதுகில் வாங்கியவன் ஓடியவன். இது எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். லாம்போனுக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் இந்த முப்பது வருஷமாக அந்த ஈட்டியைப் பிடுங்கி முன்பக்கம் குத்துவதற்கு அவன் பாடுபட்டுக்கொண்டிருக்கிறான்.

முதலில் சில வருஷம், கிராத்தோன் ஓடவில்லை, மற்றவர்களைக் கூப்பிடத்தான் திரும்பினான் என்று சொல்லிவந்தான். "வாங்கடான்னு சொல்லத் திரும்பினாரு, அந்த நேரம் பாத்துக் குத்திட்டான் படுபாவி." யாரும் மறுக்கவில்லை, யாரும் நம்பவுமில்லை. பிறகு, செருப்பு வார் அறுந்து குனிந்ததாக ஒரு வழி கண்டுபிடித்தான். அதைக் கேட்ட கொல்லன் பாசியோன் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "அண்ணே, குனிஞ்சவனுக்கு முதுகுல படாது. அதுக்கும் கீழதான் படும். அதுக்கு இதுவே தேவல" என்றான். ஊர் ஒரு மாதம் சிரித்தது. செருப்பு வார் அதோடு போயிற்று.

மூன்றாவது வழிதான் அவனுடைய முழு உழைப்பில் வந்தது. ஒருநாள் ஒலிவம் தட்டும் கழியை எடுத்துக்கொண்டு பாசியோனின் பட்டறைக்குப் போனான். "நான் கிராத்தோன். நீ பொலிமாகோஸ். குத்து" என்று மார்பைக் காட்டி நின்றான். பாசியோன் கழியால் லேசாக இடித்தான். "இப்ப ஈட்டி எங்க வெளிய வரும்?" "முதுகுல." "அதத்தான் சொல்றேன்! மார்ல நுழைஞ்சுது, முதுகுல வந்துச்சு. முதல்ல இந்தப் பாட்டக் கட்டினவன் முதுகுப் பக்கம் நின்னு பாத்திருக்கான். பாத்ததப் பாடிட்டான்." பாசியோன் தாடியைச் சொறிந்தான். "சரிண்ணே, எல்லாரும் முன்னால சண்டை போடுறப்ப பாட்டுக்காரனுக்குப் பின்னால என்ன வேலை?" லாம்போன் கழியை ஓங்கித் தரையில் தட்டினான். "அவன்தாண்டா ஓடினவன்!"

இந்த வழி ஊருக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனாலும் பாட்டு மாறவில்லை. மாற நாங்கள் விடவில்லை என்று சொல்வதுதான் நியாயம்.

அபதூரியா திருவிழாவில் பங்காளிக் கூட்டங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடுவோம். முதல் நாள் விருந்து. இரண்டாம் நாள் பலி முடிந்ததும் பாட்டு; மூன்று நாள் பாட்டில் கிராத்தோன் வரும் பகுதி மட்டும். மூன்றாம் நாள் பிறந்த பிள்ளைகளைப் பங்காளிகளிடம் காட்டுவதும் சம்பந்தம் பேசிக் கைகொடுப்பதும். இரண்டாம் நாள் பாட்டில் பொலிமாகோஸ் ஆறாவது ஆளைச் சாய்த்ததும், எங்கள் ஊருக்கு வரும் எந்தப் பாட்டுக்காரனும் ஒரு மூச்சு நிறுத்துவான். பிறகு கிராத்தோன் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, வலையைச் சொல்லி, ஈட்டியை எறிவான். பட்ட இடத்தை அவன் சொல்லமாட்டான். நாங்கள் சொல்வோம். பிள்ளை குட்டி, பெண்கள், பல் போன கிழவர்கள் எல்லாரும் சேர்ந்து "முதுகுல!" என்று கத்திப் பக்கத்தில் இருப்பவர் முதுகில் ஓங்கி ஒரு அறை வைப்போம். கோயில் கூரைப் புறாக்கள் அத்தனையும் பறந்துபோகும். வருஷம் முழுக்க மனதில் வைத்திருந்த மாமியார் கணக்கெல்லாம் அந்த ஒரு அறையில் தீரும். லாம்போனின் முதுகுக்கு மட்டும் நாற்பது கைகள் தேடி வரும். அதனால் அவன் எப்போதும் பெரிய மரத்தோடு முதுகை ஒட்டவைத்துக்கொண்டுதான் உட்காருவான்.

எங்களுக்கு அது விளையாட்டு. அவன் வீட்டுக்கு அப்படி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மகள் மிர்தோவைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் கூடி வந்தது. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா, "முதுகுக்காரர் வீட்டுப் பொண்ணா? பொறக்குற பிள்ளையும் ஓட்டமெடுத்தா என்ன பண்றது?" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் எழுந்து போய்விட்டார்கள். அன்று லாம்போன் பரணில் ஏறியவன் பொழுது சாயும்வரை இறங்கவில்லை. ஒரு தடவைகூடக் கத்தவுமில்லை. கடலில் மீனே இல்லை என்று அவன் பிறகு சொன்னான். நாங்கள் அன்று அதை நம்பிக்கொண்டோம்.

இந்த வருஷம் எரித்ரையிலிருந்து சோபிரோஸ் வந்தார். படகு கட்டும் துறை வைத்திருப்பவர். மகனுக்கு மிர்தோவைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார், திருவிழாவுக்கு விருந்தாளியாக வந்து மூன்றாம் நாள் கைகொடுப்பதாகப் பேச்சு. பெரிய மனிதர். முன்னால் மார்பு வரும், கொஞ்ச நேரம் கழித்து மனிதர் வருவார். வந்த முதல் நாள் தண்ணீர் கேட்டபோதே, "எங்க முப்பாட்டனார் மார்ல வாங்கினவரு. வாங்கிட்டு எட்டு வரி பேசினாரு" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. பன்னிரண்டு பேரில் மூன்றாவது ஆள் அவருடைய முப்பாட்டனார்தான். ஈட்டியை மார்பில் வைத்துக்கொண்டு எட்டு வரி பேசியவர் பாட்டு முழுக்க அவர் ஒருவர்தான். அவ்வளவு மூச்சு எங்கிருந்து வந்தது என்று பாசியோன் கேட்க வாயெடுத்தான். லாம்போன் அவன் காலை மிதித்தான்.

நல்லவேளையாக சோபிரோஸுக்குக் கிராத்தோனைத் தெரியாது. எரித்ரையில் பாட்டு கேட்கும் வழக்கமே தனி. தங்கள் ஊரின் கடைசி ஆள் சாகும்வரை கேட்பார்கள். செத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். நான்காவது, ஐந்தாவது ஆளெல்லாம் யார், எந்த ஊர், யாருக்குத் தெரியும்? சோபிரோஸ் ஐம்பத்தைந்து வருஷமாக மூன்றாவது ஆளோடு எழுந்து போனவர். விருந்தாளியாக வந்த ஊரில் அப்படி எழுந்துபோக முடியாது, கடைசிவரை உட்கார்ந்துதான் ஆகவேண்டும். லாம்போனுக்குப் பயம் அங்கேதான்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வந்த கப்பலில் நிகேசியாஸ் இறங்கினான். சாமோஸ் தீவுக்காரன், கொழுத்த பாட்டுக்காரன், கெட்டிக்காரக் கண். லாம்போன் கூடையை அவன் காலடியில் வைத்தான்.

"ஐயா, முதல்ல பசியாறுங்க."

நிகேசியாஸ் துணியை விலக்கி முகர்ந்தான். "வயித்துத் துண்டமா? அப்ப நீதான் அந்த முதுகுக்காரன். பெலேயாவுக்குப் போனா சாப்பாட்டுக் கவலையில்லன்னு எங்க ஊர்ல சொல்லித்தான் அனுப்பினாங்க."

"ஒரே ஒரு எடம் மாத்தணும். முதுகுக்குப் பதிலா மார்பு."

"மாட்டேன்."

"பாட்டுத் தெய்வம் கோவிச்சுக்குமா?"

"அவ பெரிய மனசுக்காரி, கண்டுக்க மாட்டா. உங்க ஊர்க்காரன் விடுவானா? மூணு வருஷம் முன்ன ஒருத்தன் 'தோளுல'ன்னு பாடினான். ஒலிவக் கொட்டையா எறிஞ்சு நெத்தி வீங்க அனுப்பினீங்களே. அவனுக்கும் நீதான வயித்துத் துண்டம் குடுத்தே?"

"நான்தான்" என்று லாம்போன் ஒப்புக்கொண்டான். பிறகு மிர்தோவைப் பற்றிச் சொன்னான், சோபிரோஸைப் பற்றிச் சொன்னான். அவன் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசியதில் துறையில் பாதிப்பேருக்கு விஷயம் தெரிந்தது. நிகேசியாஸ் துண்டத்தைத் தின்று முடித்து விரலை நக்கினான்.

"மாத்த முடியாது. வேணும்னா ஒண்ணு செய்யலாம். ஆறாவது ஆளு விழுந்ததும் மூச்சு விடாம எட்டாவது ஆளுக்குப் போயிடறேன். கிராத்தோனே வர மாட்டாரு. அவரு வரலன்னா அவரு முதுகும் வராதில்ல?"

லாம்போனுக்கு அந்தக் கணம் அது கடல்சாமியே வந்து சொன்ன வழிபோல இருந்தது. முப்பது வருஷமாக ஈட்டியை நகர்த்தப் பார்த்தவனுக்கு ஆளையே நகர்த்தலாம் என்று தோன்றவில்லையே! கூடையோடு கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

அவன் மனைவி லிசில்லா பார்லி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுச் சல்லடையை நிறுத்தினாள். "அந்த மனுஷன் ஒரு தடவ குத்துப்பட்டது போதாதா? நீங்க வேற எதுக்கு?"

"நான் எங்கடி குத்தினேன்? காப்பாத்தியில்ல விட்டிருக்கேன். சாகவே மாட்டாரு இந்த வருஷம்."

"ஆமா, ரொம்பத்தான் காப்பாத்தினீங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி சலிக்க ஆரம்பித்தாள். மிர்தோவிடம் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. துறையில் காதுகொடுத்தவர்கள் ஊருக்குள் சொல்லிவிட்டார்கள்தான். ஆனால் லாம்போன் இதற்கு முன்னும் எத்தனையோ பாட்டுக்காரர்களை மடக்கி, ஒன்றும் நடக்காமல் போன கதை எங்களுக்குத் தெரியும். யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள். பலி கொடுத்த ஆடுகளின் கொழுப்பு நெருப்பில் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்கக் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தது. வறுத்த கொண்டைக்கடலையும் அத்திப்பழமும் கைமாறிக்கொண்டிருந்தன. மரத்தடியில் லாம்போன். அவனுக்கு வலப்பக்கம் சோபிரோஸ், விருந்தாளி என்பதால் ஆட்டுத்தோல் விரித்த இடத்தில். சற்றுத் தள்ளிப் பெண்களுக்கு நடுவே லிசில்லாவும் மிர்தோவும். நிகேசியாஸ் தலையில் இலைமாலையோடு தடியை ஊன்றி நின்றான்.

குரல் என்றால் குரல். ஆளைப் பிடிக்கிறதோ இல்லையோ, அந்தக் குரல் எங்களை இழுத்துக்கொண்டு போய் ஆர்னாக் கோட்டை மதிலடியில் நிறுத்தியது. பொலிமாகோஸ் தேரிலிருந்து குதித்தான். முதல் ஆள் விழுந்தான், வயிற்றில். இரண்டாவது ஆள், தொடையில். மூன்றாவது ஆள் வந்ததும் சோபிரோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். எட்டு வரியையும் நிகேசியாஸோடு சேர்ந்து அவரும் வாய்க்குள் சொன்னார். முப்பாட்டனார் ஒருவழியாகக் கண்ணை மூடியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். லாம்போன் கையைப் பிடித்து உட்காரவைத்தான். "அபாரம் சம்பந்தி, அபாரம். என்னமா பேசினாரு!" என்றான்.

நான்காவது ஆள் போனான். ஐந்தாவது போனான். ஊர் அசைய ஆரம்பித்தது. கடலையை விழுங்கித் தண்ணீர் குடித்தார்கள். பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். பாசியோன் தன் கையை விரித்து மடக்கி, முன்னால் உட்கார்ந்திருந்த மைத்துனனின் முதுகை அளவெடுத்துக்கொண்டிருந்தான். ஆறாவது ஆள், கியோஸ் தீவுக்காரன், காதுக்குக் கீழே வாங்கி விழுந்தான்.

நிகேசியாஸ் நிறுத்தவில்லை. மூச்சு விடாமல் எட்டாவது ஆளுக்குப் போனான்.

பாதிப்பேருக்குக் கத்துவதற்கு வாய் திறந்தாகிவிட்டது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. ஓங்கிய கைகள் ஓங்கியபடி நின்று, பிறகு தலையைச் சொறிவதுபோல மெல்ல இறங்கின. ஒரு சின்னப்பெண் மட்டும் "எங்கம்மா அவரு?" என்று கேட்டாள். அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள். ஊர் மொத்தமும் திரும்பி லாம்போனைப் பார்த்தது. அவன் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தான். நினைத்தது நடந்துவிட்டது, ஒருவரும் முதுகு என்று சொல்லவில்லை. ஆனாலும் பரணில் நிற்கும்போது காலடிக் கட்டை திடீரென்று விலகியதுபோல இருந்தது. ஒன்பதாவது ஆள் விழுந்தான். பொலிமாகோஸுக்குக் கிராத்தோன் குறைந்ததே தெரியவில்லை. அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தான். திமேயாஸ் என்று ஒரு தகப்பன் எங்கும் இல்லை. பாதி பின்னிய வலை எங்கும் இல்லை. சூரை துள்ளும் பெலேயா என்று ஒரு ஊரே அந்தக் கரையில் இல்லை.

அப்போது சோபிரோஸ் கொண்டைக்கடலையை நீட்டினார். அவர் குரலில் துளிக் கேலி இல்லை. உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் பொறுக்கமுடியாமல் போயிற்று.

"ஏன் சம்பந்தி, அவ்வளவு பெரிய போருக்கு உங்க ஊர்லேருந்து ஒருத்தர்கூடப் போகலையா?"

அது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது. பாசியோனின் முகம் உலைபோலச் சிவந்தது. லாம்போனை வாழ்நாளெல்லாம் கேலி செய்த பாசியோன்தான். அவன் எழப் பார்த்தான், மைத்துனன் சட்டென்று அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இதற்குப் பதில் சொல்லவேண்டிய ஆள் ஒருவன்தான், அவன் மரத்தடியில் இருந்தான்.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்று சோபிரோஸ் அவன் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். "எல்லாரும் சண்டைக்குப் போயிட்டா மீன் புடிக்க ஆளு வேணுமில்ல?"

லாம்போன் மகளைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கோபமா, பாவமா என்று அவனுக்குத் தெரியவில்லை. நாளைக்கு அவள் கையைத்தான் இந்த மனிதரின் வீட்டுக்குக் கொடுக்கவேண்டும். இன்னும் மூன்று ஆட்கள் விழுந்தால் பாட்டு வேறு பக்கம் போய்விடும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். அதற்குமேல் யாரும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அவன் எழுந்து நின்றான்.

"பாட்டுக்காரரே" என்றான். பரண்மேல் கத்துகிற குரல் இல்லை, ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "ஏழாவது ஆள விட்டுட்டீங்க."

நிகேசியாஸ் பத்தாவது ஆளை நடுவழியில் நிறுத்தினான். அவனுடைய கெட்டிக்காரக் கண் லாம்போனைப் பார்த்தது, சோபிரோஸைப் பார்த்தது, வாய்மூடி உட்கார்ந்திருந்த ஊரை ஒரு சுற்றுப் பார்த்தது. கூடையோடு சாப்பிட்ட நன்றி அவனுக்கும் கொஞ்சம் இருந்திருக்கவேண்டும்.

"அட, ஆமா! வயசாகுது பாருங்க" என்று நெற்றியில் தட்டிக்கொண்டான். தடியை மறுபடி ஊன்றி, தொண்டையைச் செருமி, பின்னால் போய்த் தொடங்கினான். ஆறாவது ஆள் விழுந்தான். திமேயாஸின் மகன் வந்தான், சூரை துள்ளும் பெலேயாவிலிருந்து வந்தான், பாதி பின்னிய வலையை வீட்டில் விட்டு வந்தான். பொலிமாகோஸ் ஈட்டியை எறிந்தான். அங்கே நிகேசியாஸ் நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தான்.

"கிராத்தோனுக்கு எங்க பட்டுது? எனக்குச் சட்டுன்னு ஞாபகம் வரல." ஒரு விரலை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் மெல்ல வைத்துக்கொண்டான். "மார்லயா?"

ஒருவரும் கத்தவில்லை. ஒலிவக் கொட்டை வைத்திருந்தவர்கள் அதைக் கைக்குள் மூடிக்கொண்டார்கள். பாசியோன் வானத்தைப் பார்த்தான். இந்த ஒரு தடவை விட்டுக்கொடுப்பது என்று ஊர் தனக்குள் முடிவு செய்துவிட்டது. லாம்போன் தலையை ஆட்டினால் போதும், அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் அது மார்புதான்.

"யாரு இந்த கிராத்தோன்?" என்று சோபிரோஸ் ஆவலாகக் கேட்டார்.

"என் பாட்டன்" என்றான் லாம்போன்.

சொல்லிவிட்டு மரத்தை விட்டு இரண்டடி முன்னால் வந்தான். எல்லாருக்கும் தெரியும்படி திரும்பி நின்றான். வலது கையைத் தோளுக்குமேல் வளைத்து, எட்டாத இடத்துக்கு எட்டி எட்டி, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே விரலை வைத்தான்.